தராவால தொலைஞ்ச மரைன் பசங்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1943 நவம்பர் 20ல இருந்து 23 வரைக்கும் பசிபிக் கடல் நடுவுல, தராவாங்கற பவளத்தீவுல, அமெரிக்க மரைன்களுக்கும் ஜப்பான் படைக்கும் ஒரு சண்டை நடந்துச்சு. அதுல செத்த அமெரிக்கப் பசங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரோட உடம்பு வீடு வந்து சேரவே இல்ல. பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயசுப் பசங்க நிறைய பேர். இதைப் பத்தி யார்கிட்ட பேச்செடுத்தாலும் "குண்டு பட்டு சிதறிப் போயிருப்பாங்க, அதான் கிடைக்கல"ன்னு தான் சொல்றாங்க. அப்படி இல்லங்க. அதுல நிறைய பேரை கூட சண்டை போட்ட பசங்களே குழி வெட்டி, பேர் எழுதி வெச்சு புதைச்சாங்க. தொலைஞ்சது அதுக்கு அப்புறம். அதை விளக்கமா சொல்லணும்னு தான் இதை எழுதறேன்.

தராவா எங்க இருக்கு?

ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல, பூமத்திய ரேகை பக்கத்துல. போருக்கு முன்னாடி கில்பர்ட் தீவுகள்னு பிரிட்டிஷ்காரன் கையில இருந்துச்சு, போர்ல ஜப்பான் பிடிச்சுக்கிச்சு, இப்போ தனி நாடு, கிரிபாட்டின்னு எழுதுவாங்க ஆனா அந்த ஊர்க்காரங்க வாய்ல அது கிரிபாஸ். தராவாங்கறது ஒரே தீவு இல்ல, நடுவுல தேங்கின கடலைச் சுத்தி வளைஞ்சு கிடக்கற தீவுகளோட வரிசை. அதுல மூலையில இருக்கற பெட்டியோங்கற தீவுல தான் சண்டை. நீளம் மூணு கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதிகமா இருக்கற இடத்துலயே ஒரு கிலோமீட்டர் கிடையாது. அங்க ஜப்பான்காரங்க ஒரு விமான ஓடுதளம் போட்டிருந்தாங்க, அதுக்குத் தான் இத்தனையும்.

மரைன்னா நேவியா, ஆர்மியா?

ரெண்டும் இல்ல. கப்பல்ல போய் கரையில இறங்கி சண்டை போடற தனிப் படை, நிர்வாகத்துக்கு மட்டும் கடற்படைத் துறைக்குக் கீழ வரும். தராவால இறங்கினது 2வது மரைன் டிவிஷன், கிளம்பினது நியூஸிலாந்துல இருந்து. மரைன் படைக்குன்னு தனியா டாக்டர், கம்பவுண்டர் கிடையாது, அதெல்லாம் நேவி ஆளுங்க தான் கூடவே போவாங்க, அதனால செத்தவங்க கணக்குல நேவிக்காரங்களும் உண்டு.

மூணே நாள்ல ஏன் இத்தனை சாவு?

தண்ணி தான் முதல் காரணம். தீவைச் சுத்தி பவளப்பாறை மேடை மாதிரி இருக்கு. மரைன்களை ஏத்திட்டு வந்த படகு மிதக்கவே மூணரை அடி தண்ணியாவது வேணும். அன்னைக்கு நிலா பூமியை விட்டு ரொம்பத் தள்ளி இருந்த நாள், அதோட தேய்பிறைப் பாதி, அதனால கடல் ஏறவே இல்ல. இந்தக் கடல்ல பல வருஷம் இருந்த பிராங்க் ஹாலண்ட்னு ஒரு மேஜர் முன்னாடியே எச்சரிச்சார், தண்ணி பத்தாதுன்னு. கேட்டுட்டு தான் இறங்கினாங்க, வேற நாள் பார்க்க நேரம் இல்லன்னு நினைச்சாங்க. படகெல்லாம் பாறையில தட்டி நின்னுடுச்சு. அங்கயே இறங்கி, துப்பாக்கியை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டு, அரை கிலோமீட்டர் தூரம் மார்பளவு தண்ணியில நடந்து வர்றாங்க, எதிர்ல மிஷின்கன். ஒளிய ஒரு மரம், ஒரு கல்லு கிடையாது. தண்ணியில மிதந்து பாறை மேலயும் ஏறிப் போற சங்கிலிச் சக்கர வண்டிங்க 125 இருந்துச்சு, அதுலயும் பெரும்பாலானது சண்டை முடியறதுக்குள்ள போயிடுச்சு.

கரையில தலைமை எடுத்த கர்னல் டேவிட் ஷூப் அனுப்பின ரேடியோ செய்தி பிரசித்தம்: அடிபட்டவங்க நிறைய, செத்தவங்க எத்தனைன்னு தெரியல, சண்டை நிலவரம், ஜெயிச்சுட்டு இருக்கோம். 76 மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது. அமெரிக்கப் பக்கம் ஆயிரம் பேர் கிட்ட சாவு, 2,000க்கு மேல காயம். ஜப்பான் பக்கம் தொழிலாளிங்களோட சேர்த்து 4,500க்கும் மேல இருந்தவங்கள்ல உயிரோட பிடிபட்டது 17 ஜப்பான்காரங்களும் 129 கொரியாக்காரங்களும் தான்.

செத்தவங்களை யார் புதைச்சாங்க?

உயிரோட இருந்தவங்க தான். பூமத்திய ரேகை வெயில்ங்க அது, முதல் நாள் விழுந்த உடம்பு மூணாவது நாள் என்ன நிலைமையில இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேல உடம்பு, அந்தத் துண்டு நிலத்துல. பக்கத்துல படுத்து சண்டை போட்ட பையனையே முகத்தை வெச்சு அடையாளம் தெரியாத அளவுக்கு ஆயிடுச்சு. புல்டோசரை வெச்சு நீளமா பள்ளம் வெட்டி, மழைக்கோட்டுல சுத்தி வரிசையா படுக்க வெச்சாங்க. சில இடத்துல நாலஞ்சு பேர், சில இடத்துல ஒரே பள்ளத்துல நாப்பது பேர். தீவு முழுக்க இப்படி டஜன் கணக்குல. மேல ஒரு குச்சியோ பலகையோ நட்டு, தெரிஞ்ச பேரை எழுதினாங்க. பாதிரியார் இருந்த இடத்துல ஜெபம் நடந்துச்சு.

இதெல்லாம் ஏனோதானோன்னு பண்ணினது இல்லங்கறதை நான் அழுத்திச் சொல்லணும். தூக்கம் இல்லாம, தண்ணி இல்லாம மூணு நாள் சண்டை போட்ட பசங்க, தன்னால முடிஞ்ச மரியாதையை பண்ணிட்டுத் தான் போனாங்க.

பேர் எழுதி புதைச்சும் எப்படி தொலைஞ்சது?

இது தான் முக்கியமான கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

முதல்ல, புதைச்ச பசங்க அங்க தங்கல. சண்டை முடிஞ்ச சில நாள்லயே 2வது டிவிஷனை ஹவாய்க்கு கப்பல் ஏத்திட்டாங்க. எந்தப் பள்ளத்துல யார், எந்தப் பக்கம் தலை, பக்கத்துல என்ன அடையாளம் இருந்துச்சுங்கறது தெரிஞ்சவங்க எல்லாரும் போயாச்சு. அதுல சிலர் அடுத்த வருஷம் சைப்பான் தீவு சண்டையில செத்தும் போயிட்டாங்க.

அவங்களுக்கு அப்புறம் தீவுக்கு வந்தது கட்டுமானப் பிரிவும் காவல் படையும். அவங்களுக்கு ஓடுதளத்தை பெருசாக்கணும், ரோடு போடணும், கிடங்கு கட்டணும். குச்சியும் பலகையும் நட்டிருந்த புதைகுழிங்க அங்கங்க சிதறிக் கிடந்துச்சு, பார்க்க நல்லா இல்ல. அதனால அதை ஒழுங்குபடுத்தினாங்க. வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச சிலுவைங்க, நேர் வரிசை, சுத்தி வேலி, நடுவுல நினைவுக்கல். போட்டோவுல பார்த்தா அவ்வளவு அழகா இருக்கும். ஆனா சிலுவையைத் தான் மாத்தி நட்டாங்க, கீழ இருந்த உடம்பை இல்ல. சில சிலுவை வெறும் நினைவுக்காக வெச்சது, அதுக்குக் கீழ ஆளே கிடையாது. சில குழி மேல இருந்த அடையாளம் எடுத்தது எடுத்தது தான், திரும்ப வைக்கல.

போர் முடிஞ்சு 1946ல, செத்தவங்களைத் தோண்டி எடுத்து ஊருக்கு அனுப்பறதுக்குன்னே ஒரு ராணுவக் குழு வந்துச்சு, 604வது குவார்ட்டர்மாஸ்டர் புதைகுழிப் பதிவு கம்பெனி. அவங்க கையில லிஸ்ட் இருக்கு, கண் முன்னாடி சிலுவை வரிசை இருக்கு. தோண்டினாங்க. மணல். இன்னும் ஆழமா தோண்டினாங்க, மணல். பக்கத்துல குறுக்கும் நெடுக்கும் பள்ளம் போட்டுத் தேடினா, சிலுவைக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல உடம்புங்க வருது, அதுவும் பேர் இல்லாம. கிடைச்ச எல்லாரையும் லோன் பாம்னு ஒரே இடுகாட்டுல சேர்த்தாங்க. கணக்கு பார்த்தா பாதிப் பேர் கிட்ட காணோம்.

அந்தக் கட்டுமானப் படைக்காரங்க மேல கூட எனக்கு முழுசா கோபம் வரல, செத்தவங்களுக்கு மரியாதை பண்றதா நினைச்சுத் தான் அந்த சிலுவையை நட்டிருப்பாங்க. ஆனா ஒரு அம்மாவுக்கு அந்த அழகான போட்டோவை அனுப்பி, "உங்க பையன் இங்க தூங்கறான்"னு நம்ப வெச்சா, அங்க அவன் இல்லன்னா, அதை என்னன்னு சொல்றது. இதை நினைச்சா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

கழுத்துல தகடு இருக்குமே, அதை வெச்சு கண்டுபிடிக்க முடியாதா?

ரெண்டு தகடு இருக்கும். ஒண்ணு உடம்போட, இன்னொண்ணு கணக்குக்கு. ஆனா மூணு நாள் கடல்ல ஊறின உடம்புல, வெடியில சிக்கின உடம்புல, தகடு எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாது. தகடு மட்டும் கிடைச்சு ஆள் இல்லாததும் உண்டு.

வீட்டுக்கு என்ன சொன்னாங்க?

முதல்ல டெலிகிராம், பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டின நாட்கள்ல. அதுக்கப்புறம் பர்ப்பிள் ஹார்ட், அதாவது போர்ல அடிபட்டவங்களுக்கும் செத்தவங்களுக்கும் கொடுக்கற பதக்கம். கடற்படைத் தளபதி நிமிட்ஸுக்கு "தராவால என் மகனை நீங்க கொன்னுட்டீங்க"ன்னு ஒரு அம்மா கடிதம் எழுதினாங்க. உடம்பு எங்கன்னு கேட்ட குடும்பங்களுக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பதில் போச்சு, இந்த இடுகாட்டுல இருக்கார், இல்ல அந்த இடுகாட்டுல, இல்ல கடல்ல அடக்கம் பண்ணிட்டாங்கன்னு. கடைசியா 1949 அக்டோபர்ல ஒரு குழு உட்கார்ந்து, கிடைக்காதவங்க பேருக்கெல்லாம் "மீட்க முடியாதவர்"னு எழுதி பைலை மூடிட்டாங்க.

அப்போ அவங்க பேர் எங்கயுமே இல்லையா?

இருக்கு. ஹவாயில ஹொனலூலு ஊர்ல ஒரு பழைய எரிமலைக் குழியில பஞ்ச்பௌல்னு ராணுவ கல்லறைத் தோட்டம் இருக்கு. அங்க படிக்கட்டோட ரெண்டு பக்கமும் உயரமான கல் சுவர்கள், காணாம போனவங்க பேர் எல்லாம் அதுல செதுக்கியிருக்கு. பின்னாடி ஒருத்தர் கிடைச்சா பேரை அழிக்க மாட்டாங்க, பேர் பக்கத்துல சின்னதா ஒரு உலோகப் பூ பதிப்பாங்க. அந்தப் பூவைப் பார்த்தா, ஆள் கிடைச்சாச்சுன்னு அர்த்தம்.

யாராவது கிடைச்சிருக்காங்களா?

கிடைச்சிருக்காங்க, அதுல எல்லாரும் சொல்ற பேர் லெப்டினன்ட் அலெக்சாண்டர் பான்னிமேன். அவர் பையன் இல்ல, 33 வயசு, மூணு பொண்ணுக்கு அப்பா. நியூ மெக்சிகோல செப்புச் சுரங்கம் வெச்சிருந்தார், போருக்கு செம்பு வேணும்ங்கறதால அவர் போக வேண்டிய கட்டாயமே இல்ல, இருந்தும் சாதாரண சிப்பாயா சேர்ந்து மேல வந்தவர். நவம்பர் 22 அன்னைக்கு மணல் மேடு மாதிரி இருந்த பெரிய பதுங்கு அறை மேல ஆளுங்களைக் கூட்டிட்டு ஏறி, உள்ள இருந்தவங்களை வெளிய வர வெச்சு, அந்த மேட்டுலயே செத்தார். நாட்டோட உச்ச விருதான மெடல் ஆஃப் ஆனரை 1947ல அவரோட மூத்த பொண்ணு, பன்னிரண்டு வயசுக் குழந்தை, கையில வாங்கினா.

உச்ச விருது வாங்கினவருக்கே உடம்பு கிடைக்கல, அப்போ பேர் தெரியாத சிப்பாய்ங்க கதியை யோசிச்சுக்கோங்க. அவரோட அப்பா அம்மா நாக்ஸ்வில் ஊர்ல வெறும் கல்லை மட்டும் நட்டு வெச்சு, தெரியாமலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

ஹிஸ்டரி ஃப்ளைட்னு ஒரு தன்னார்வ அமைப்பு, மார்க் நோவாங்கறவர் ஆரம்பிச்சது, பல வருஷம் பழைய வான் போட்டோ, சிப்பாய்ங்க குறிப்பு, மண்ணுக்குள்ள பார்க்கற ரேடார், மோப்ப நாய்னு எல்லாத்தையும் வெச்சுத் தேடினாங்க. 2015ல இடுகாடு எண் 27ங்கற தொலைஞ்ச பள்ளம் கிடைச்சுது. வரிசையா படுத்த மாதிரியே, முப்பதுக்கும் மேல ஆளுங்க. மண்ணை பிரஷ்ஷால தள்ளிட்டே வந்தப்ப ஒரு தாடையில தங்கம் மின்னுச்சு. பான்னிமேனோட பல் ரெக்கார்டுல தங்கம் கட்டின பல்லுங்க நிறைய உண்டு. அந்தப் பள்ளத்துக்கு மேல அவரோட பேரன் நின்னு பார்த்துட்டு இருந்தார். 2015 செப்டம்பர்ல நாக்ஸ்வில்ல, அந்த வெறும் கல் இருந்த குடும்ப இடத்துலயே அடக்கம் நடந்துச்சு, 72 வருஷம் கழிச்சு.

தோண்டறது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம் தான். ஒரு ஆள் உயரம் கூட தோண்ட முடியாது, தண்ணி ஊறிடும், அதுவும் கடல் ஏறினா குழிக்குள்ளயும் ஏறும். வெடிக்காத குண்டுங்க இன்னும் மண்ணுல கிடக்கு. அதோட பெட்டியோல இன்னைக்கு 15,000 பேருக்கு மேல நெருக்கியடிச்சு வாழறாங்க, வீடு, கடை, பன்னிக் கொட்டகை, தென்னை எல்லாம் அந்த மண்ணு மேல தான். அவங்களும் பாவம், யாரோ வந்து சண்டை போட்டுட்டு போன ஊர்ல குடியிருக்காங்க. அடுப்படியைத் தோண்டணும்னு வந்து நிக்கறவங்களுக்கு அவங்க இடம் கொடுத்ததால தான் இத்தனை பேர் வீடு திரும்ப முடிஞ்சுது.

எலும்பை வெச்சு பேரை எப்படி சொல்றாங்க?

அமெரிக்கால இதுக்குன்னே டிபிஏஏன்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, ஹவாயில அவங்க லேப். முதல்ல பல்லு. அப்புறம் உயரம், வயசு. அடுத்தது தான் எனக்கு ரொம்ப ஆச்சரியமானது, காறை எலும்பு. படையில சேரும்போது டிபி இருக்கான்னு பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுல கழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் காறை எலும்பு விழும். அந்த எலும்போட விளிம்பு, வளைவு ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாதிரி. 1942ல எடுத்த எக்ஸ்ரேயையும், இப்போ மண்ணுல இருந்து வந்த எலும்பை எடுத்த எக்ஸ்ரேயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. நுரையீரலைப் பார்க்க எடுத்த படம், எண்பது வருஷம் கழிச்சு ஒரு பையனுக்கு பேரைத் திருப்பிக் கொடுக்குது.

கடைசியா டிஎன்ஏ. இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. அதிகமா பயன்படறது தாய் வழியா வர்ற டிஎன்ஏ, அதனால செத்தவரோட சொந்தப் பிள்ளைங்களோட சாம்பிள் அந்த டெஸ்ட்டுக்கு உதவாது. அவரோட கூடப்பிறந்தவங்க, அக்கா தங்கச்சி பிள்ளைங்க, அந்தப் பொண்ணுங்களோட பிள்ளைங்க, அம்மாவோட கூடப்பிறந்தவங்க வேணும். தந்தை வழி டெஸ்ட்டும் உண்டு, அதுக்கு ஆண் வழி உறவுக்காரங்க.

தோண்டினா தான் கிடைப்பாங்களா?

இல்ல, நிறைய பேர் ஏற்கனவே கிடைச்சவங்க தான், பேர் மட்டும் இல்ல. 1946ல எடுத்ததுல அடையாளம் தெரியாதவங்களை ஹவாய்க்கு கொண்டு போய், எக்ஸ்னு ஆரம்பிக்கற ஒரு நம்பர் கொடுத்து, பஞ்ச்பௌல்ல "அறியப்படாதவர்"னு புதைச்சாங்க. 2016க்கு அப்புறம் தராவால இருந்து வந்த அந்தக் கல்லறைங்களைத் திறந்து லேபுக்கு எடுத்தாங்க, அதுல இருந்து பேர் மேல பேரா வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, பேர் ஒரு சுவர்ல காணாம போனவங்க வரிசையில இருக்கு, உடம்பு அதே தோட்டத்துல கொஞ்ச தூரத்துல, பல வருஷமா.

ஜப்பான்காரங்க, கொரியாக்காரங்க கதி?

அவங்க கணக்கு இன்னும் பெருசு, கவனிப்பு ரொம்ப கம்மி. கொரியாக்காரங்க பல பேர் கட்டாயமா இழுத்துட்டு வரப்பட்ட கூலிங்க, பங்கர் கட்ட வந்தவங்க. மரைன்களைத் தேடித் தோண்டினப்ப கிடைச்ச எலும்புல ஒருத்தர் கொரியாக்காரர்னு டிஎன்ஏல தெரிஞ்சு, 2023 டிசம்பர்ல அவரை ஊருக்கு கொண்டு போனாங்க. அவங்க வீட்லயும் யாரோ வாசலைப் பார்த்துட்டு தானே இருந்திருப்பாங்க.

எண்பது வருஷம் கழிச்சு எதுக்கு இந்தச் செலவு, அம்மா அப்பா யாருமே உயிரோட இல்லையே?

இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கறாங்க, தப்பா கேட்கல. ஆனா உடம்பு வராத சாவு வீட்டுல துக்கம் ஒரு நாள்ல முடியாது. ஒருவேளை ஞாபகம் தப்பி எங்கயோ ஆஸ்பத்திரியில இருப்பானோ, பேர் மாறிப் போச்சோன்னு அந்த அம்மா சாகற வரைக்கும் நினைப்பா, அப்புறம் தங்கச்சி நினைப்பா, தங்கச்சி பிள்ளைங்க அந்த போட்டோவை மாட்டின வீட்டுல தான் வளருதுங்க. பத்தொன்பது வயசுல போனவனைப் பார்க்காத அக்கா பேத்தி தான் இன்னைக்கு கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியை வெச்சு சாம்பிள் கொடுக்கறா. அவங்களே விடாதப்ப நாம ஏன் விடச் சொல்லணும்? அதோட, அந்தப் பசங்களைக் கப்பல் ஏத்தி அனுப்பினவங்களுக்கு திருப்பி கூட்டிட்டு வர்ற கடமையும் இருக்குல்ல.

எல்லாருமே கிடைச்சுடுவாங்களா?

கிடைக்க மாட்டாங்க. பாறை மேடையில தண்ணிக்குள்ள விழுந்து அலையோட போனவங்க இருக்காங்க, ஓடுதளத்துக்கு கீழ போனவங்க இருக்கலாம்.

பக்கத்துல மேக்கின்னு இன்னொரு தீவு, அங்க 1942 ஆகஸ்ட்ல மரைன்கள் நீர்மூழ்கிக் கப்பல்ல போய் ஒரு திடீர்த் தாக்குதல் நடத்தினாங்க. செத்த 19 பேரை ஊர் மக்கள் புதைச்சாங்க. சின்னப் பையனா அந்தப் புதைப்புல நின்ன ஒருத்தர் வயசான காலத்துல இடத்தைக் காட்டினார், 1999ல 19 பேரும் கிடைச்சாங்க. ஆனா அதே தாக்குதல்ல, ராத்திரி அலையில படகு தள்ள முடியாம குழப்பத்துல ஒன்பது பேர் கரையிலயே விடுபட்டுட்டாங்க. ஜப்பான்காரங்க பிடிச்சு குவாஜலின் தீவுக்கு கொண்டு போய், 1942 அக்டோபர் 16 அன்னைக்கு தலையை வெட்டிட்டாங்க. உத்தரவு போட்ட அட்மிரல் கோசோ அபேயை 1947ல தூக்குல போட்டாங்க. தேடியும் அந்த ஒன்பது பேர் உடம்பு கிடைக்கல.

எங்க குடும்பத்துல இப்படி ஒருத்தர் இருந்தார்னு கேள்விப்பட்டிருக்கேன், என்ன பண்ணலாம்?

அமெரிக்கப் படையில இருந்தவர்னா, அந்தந்தப் படைக்கு கேஷுவல்டி ஆபீஸ்னு, செத்தவங்க, காணாம போனவங்க விஷயத்தைப் பார்க்கற ஆபீஸ் இருக்கு, அங்க கேட்டா டிஎன்ஏ கிட்டை வீட்டுக்கே அனுப்புவாங்க, காசு கிடையாது. தாய் வழி உறவுல வயசானவங்க யாராவது இருந்தா முதல்ல அவங்ககிட்ட எடுங்க, தள்ளிப் போடாதீங்க. பழைய கடிதம், பல் டாக்டர் சீட்டு, சிரிச்ச மாதிரி பல்லு தெரியற போட்டோ, எது இருந்தாலும் காப்பி எடுத்து கூட அனுப்புங்க, முன்பல் நடுவுல ஒரு சந்து இருந்தா கூட அது அவங்களுக்கு உதவும்.